சிவப்பில் மறையும் கோடு

இன்ஸ்பெக்டர் மேடம், ஆரம்பிப்பதற்கு முன் ஒரு சின்ன விஷயம். உங்கள் கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். எனக்காகச் சொல்லவில்லை. காலையிலிருந்து நீங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறீர்கள். மேலே இரண்டு குழல்விளக்கு, மேசையில் ஒன்று, அது போதாதென்று இந்தத் திரை. ஒரு மனிதன் உட்கார்ந்து நடந்ததைச் சொல்வதற்கு இவ்வளவு வெளிச்சம் தேவையில்லை.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. எங்கள் வீட்டு மாப்பிள்ளையின் போனில் அந்த மென்பொருளைப் போட்டது யார்? நான்தான். அதை முதல் நாளே சொன்னேன். பழைய பதிப்பைத் தவறுதலாகப் போட்டுவிட்டேன் என்று சொன்னேன், நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். இன்று அந்த வாக்கியத்தைத் திருத்த வேண்டும். வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன், திருத்தும் இடம் தானாக வரும்.

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறேன். லிஃப்ட் செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக வேலை. லிஃப்ட் கதவு மூடும்போது நடுவில் ஒரு கை நீண்டால் கதவு திரும்பத் திறந்துகொள்கிறதல்லவா, அதைச் செய்கிற நிரலை எழுதியவன் நான். என் கதவில் இதுவரை ஒருவருக்கும் விரல் நுனிகூட நசுங்கியதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. கவனக்குறைவு என்ற வார்த்தையை யாரும் என் பெயருக்குப் பக்கத்தில் எழுதிவிடக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் வானம் பார்ப்பவர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. இருபது பேர் இருப்போம். பல் டாக்டர் ஒருவர், பஸ் ஓட்டுகிறவர் ஒருவர், டீச்சர்கள் இரண்டு பேர், இப்படி. நிலா இல்லாத நாட்களில் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு மலைமேல் இருக்கும் மைதானத்துக்குப் போவோம். இருட்டில் மங்கலான பொருட்களைப் பார்க்கக் கண் பழக வேண்டும். அதற்கு அரை மணிக்கு மேல் ஆகும், சிலருக்கு முக்கால் மணி. அவ்வளவு நேரம் பொறுமையாகச் சேர்த்து வைத்ததை ஒரே ஒரு வெள்ளை வெளிச்சம் கண்ணை மூடித் திறப்பதற்குள் அழித்துவிடும். மறுபடி முதலிலிருந்து. மங்கலான சிவப்பு ஒன்றுதான் கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது.

அதனால்தான் அந்த மென்பொருளை எழுதினேன். கம்ப்யூட்டர், போன் எதுவாக இருந்தாலும் திரை முழுவதையும் சிவப்பாக்கிவிடும். நான் பெயர் எதுவும் வைக்கவில்லை, சங்கத்தில் 'செவப்பு' என்பார்கள். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஆனால் கம்ப்யூட்டர் செய்கிறவர்களுக்கு வெள்ளை மேல் என்ன வெறி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தால், அம்புக்குறி மட்டும் வெள்ளையாக நகரும். அதைப் பிடித்தால், 'புதுப்பிக்கட்டுமா' என்று ஒரு வெள்ளைப் பெட்டி மூஞ்சியில் வந்து அறையும். அதையும் பிடித்தால், பேட்டரி குறைந்துவிட்டது என்று சொல்வதற்காகவே திரை முழுக்க வெளுக்கும். ஒன்று ஒன்றாக ஒன்பது வருடம் பிடித்தேன், மேடம். சனி ஞாயிறு பார்க்காமல். யாரும் கேட்காமல்.

இந்த வேலையில் எனக்குத் துணை ஒரே ஆள், அண்ணன் மகள். முப்பது வயதாகிறது, இன்னும் வீட்டில் அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். ஒரு ஆபீசில் மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது அவள் உத்தியோகம். என்னைவிடக் கூர்மையான கண். தொலைநோக்கியிலும் சரி, நிரலிலும் சரி. நான் ஒன்றை எழுதி அனுப்பினால் ஒரு மணி நேரத்தில் பத்து ஓட்டையோடு திரும்பி வரும். அவள் கண்டுபிடித்ததிலேயே பெரிய பிழையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன், இதைக் கொஞ்சம் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள்.

மைதானத்துக்குப் பக்கத்தில் கைவிட்ட கல்குவாரி இருக்கிறது. நாற்பது அடி ஆழம். கீழே தண்ணீர் இல்லை, வெட்டிப் போட்ட பாறைத் துண்டுகள்தான். புதிதாக வருகிறவர்களுக்காகச் சங்கத்து டீச்சர் ஒருவர் மைதானத்தின் வரைபடத்தைப் போட்டார், நான் அதை மென்பொருளில் சேர்த்தேன். வெள்ளைப் பின்னணி, குவாரி விளிம்பில் தடிமனாகச் சிவப்புக் கோடு. ஆபத்து என்றால் யாருமே சிவப்பில்தானே போடுவார்கள். ஒருநாள் குட்டி போன் செய்தாள்.

"சித்தப்பா, உங்க செவப்புல குவாரியக் காணோம்."

"எங்க போச்சு?"

"எங்கயும் போகல. அங்கயேதான் இருக்கு. நமக்குத்தான் தெரியல."

விஷயம் இதுதான். வெள்ளைத் தாளில் சிவப்பு மையால் கோடு போட்டு, சிவப்பு விளக்கின் கீழ் வைத்துப் பாருங்கள். கோடு இருக்காது. வெள்ளையும் சிவப்பாகிவிடுகிறது, சிவப்பு ஏற்கெனவே சிவப்பு. நான் அன்றைக்கே உட்கார்ந்து அந்தக் கோட்டைக் கறுப்பாக மாற்றி, விட்டுவிட்டு வரும் கோடாகப் போட்டேன். அது மூன்றாம் பதிப்பு. குட்டி இருபது தடவை சோதித்துவிட்டு, "இப்போ செத்தாலும் மறையாது" என்று சொன்னாள்.

அதற்கு அடுத்த வருடம் அவளுக்குக் கல்யாணம் ஆனது.

மாப்பிள்ளையைப் பற்றி நான் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நல்ல மனிதர், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். குட்டியைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். அண்ணிக்கு மூட்டுவலி என்றால் இவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவார். சத்தமாகச் சிரிப்பார். அவருடைய தொழில்தான் விளக்கு. விளையாட்டு மைதானம், விளம்பரப் பலகை, நெடுஞ்சாலை, எங்கே கம்பம் நட்டு வெளிச்சம் போட வேண்டுமென்றாலும் அவரைக் கூப்பிடுவார்கள். "நீங்க அணைக்கிறவரு, நான் ஏத்துறவன், நல்ல பொருத்தம் மாமா" என்று கல்யாணத்தன்றே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

கல்யாணமாகி இரண்டாவது மாதம் அவரை மைதானத்துக்குக் கூட்டி வந்தாள். அப்போது வால்நட்சத்திரம் ஒன்று வந்திருந்தது. மூன்று வாரமாக மேகம். அன்றுதான் வானம் திறந்தது, அன்றைக்கே கடைசி. சூரியன் போன பிறகு, அது மலைக்குப் பின்னால் இறங்குவதற்கு முன், எங்களுக்கு இருந்தது கால் மணி நேரம். நான் ஒரு மணி நேரத்துக்கு முன்பே கண்ணைக் கட்டிக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தேன். கண்கட்டை அவிழ்த்து, தொலைநோக்கியில் குனிந்து, வால் எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை குட்டியைப் படம் எடுத்தார். ஃப்ளாஷ் போட்டு. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. முதல் இரண்டில் அவள் கண்ணை மூடிவிட்டாளாம்.

"ஐயோ, ஸாரி மாமா. அடுத்த தடவை வரும்போது பாத்துக்கலாம்."

"அடுத்த தடவை நாலாயிரம் வருஷம் ஆகும், மாப்பிள்ளை."

"அப்போ பொறுமையா பாக்கலாம்" என்றார். சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். குட்டியும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான், ஆனால் சிரித்தாள்.

ஒரு போட்டோவுக்காகவா என்று கேட்காதீர்கள். போட்டோவுக்காக யாரும் எதுவும் செய்யமாட்டார்கள். நான் அன்று வீட்டுக்குப் போய்ச் செய்ததெல்லாம் நான்காம் பதிப்பு ஒன்றுதான். அதில் டார்ச் பூட்டு என்று ஒரு வசதியைச் சேர்த்தேன். மைதானத்துக்குள் வந்துவிட்டால் போனின் டார்ச்சும் ஃப்ளாஷும் எரியாது. அவசரம் என்றால் போனின் பக்கவாட்டுப் பட்டனை மூன்று தடவை அழுத்தினால் பூட்டு திறந்துவிடும். சங்கத்தில் எல்லோருக்கும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை மட்டும் போடமாட்டேன் என்றார். வேலை நடக்கிற இடத்தில் டார்ச் வேண்டுமாம். அப்புறம் மைதானத்துக்கும் வரவில்லை.

இந்த வருட ஆரம்பத்தில் மலைச்சாலைக்கு விளக்குப் போடும் வேலை அவருக்குக் கிடைத்தது. நாற்பத்திரண்டு கம்பம். கடைசிப் பதினொன்று எங்கள் மைதானத்தை ஒட்டி. வீட்டுக்கு வந்து இனிப்புப் பெட்டியோடு சொன்னார். நான் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு, அந்தப் பதினொன்று மட்டும் வேண்டாம் என்றேன். கெஞ்சவில்லை. கேட்டேன்.

"மாமா, போன வருஷம் அந்த ரோட்டுல மூணு பேர் அடிபட்டிருக்காங்க. ஒருத்தங்க வேலை முடிஞ்சு நடந்து வந்த பொம்பள. லைட்டு இருந்திருந்தா பொழைச்சிருப்பாங்க."

நான் மறுக்கவில்லை. வண்டிக்காரன் மெதுவாக வந்திருந்தாலும் பிழைத்திருப்பாள். அதை ஒருவரும் சொல்லமாட்டார்கள். அண்ணி, "நட்சத்திரத்த டிவியிலயே காட்டுறாங்களே தம்பி, இன்னும் பெரிசாவே தெரியுதே" என்றார். அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குட்டியைப் பார்த்தேன். அவள் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து போனாள். மேசையில் தண்ணீர் இருந்தது, மேடம். நிரம்ப இருந்தது.

மனு கொடுத்தேன். இரண்டு தடவை. பதில் இல்லை. அடுத்த மாதமே குழி தோண்ட ஆரம்பித்தார்கள். கம்பம் ஏற்றிய லாரி திரும்ப இடம் போதவில்லை என்று குவாரியைச் சுற்றி இருந்த கம்பி வேலியை ஒரு பக்கம் முழுக்கப் பிடுங்கிப் போட்டார்கள். வேலியைப் பிடுங்கியது நானில்லை, அவருடைய ஆட்கள். நான் ஒரு சாயங்காலம் சும்மா நடந்து போனபோது அங்கே இருந்த மேஸ்திரியிடம், "எப்போ திரும்பப் போடுவீங்க?" என்று கேட்டேன். வேலை முடிந்த பிறகுதான் என்றார். "மொதலாளிக்குத் தெரியுமா?" என்றேன். "இதெல்லாம் அவருகிட்ட எதுக்கு சார்" என்றார். நான் நடந்து வந்துவிட்டேன். ஒருவர் தொழிலில் இன்னொருவர் மூக்கை நுழைப்பது எனக்குப் பிடிக்காது.

அந்த வாரத்தில்தான் குட்டி மாடிக்கு வந்தாள். கதவிலேயே நின்றாள்.

"சித்தப்பா, அவர் உங்ககிட்ட பேசணுங்கிறார். சனிக்கிழமை மைதானத்துக்கே வர்றாராம். செவப்பு போட்டுக்கிறேன்னு அவராவே சொல்றார்."

"அவராவா?"

"ஆமா. நான் சொல்லல. சத்தியமா."

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சனிக்கிழமை காலையில் போனைக் கொண்டு வரச் சொல்லு, நானே போட்டுத் தருகிறேன் என்றேன். நடுவில் மூன்று நாள் இருந்தது. சனிக்கிழமை காலையில் அவர் கீழே ஹாலில் டீ குடித்துக்கொண்டே போனை நீட்டினார். நான் போட்டுக் கொடுத்தேன். "எதுனா தெரிஞ்சுக்கணுமா மாமா?" என்றார். "ஒண்ணும் இல்ல, திறந்தா போதும்" என்றேன்.

சாயங்காலம் மூன்று பேரும் ஒரே காரில் போனோம். அன்று சங்கத்தில் வேறு யாரும் இல்லை. பல் டாக்டர் வருகிறேன் என்றார், வானம் சரியில்லை என்று நான்தான் வேண்டாம் என்றேன். காரைக் கீழே சங்கத்தின் கொட்டகைப் பக்கம் நிறுத்திவிட்டு, குவாரியைச் சுற்றிக்கொண்டு போகும் பாதையில் மேலே ஏறினோம். பாதையோரம் முள்புதர் அடர்ந்து கிடப்பதால் அங்கிருந்து குவாரி கண்ணில் படாது. பத்து நிமிட நடை. இன்னும் வெளிச்சம் இருந்தது. குட்டி தொலைநோக்கியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை தோள்பையிலிருந்து சுருட்டிய காகிதம் ஒன்றை எடுத்து என் முன்னால் விரித்தார். விளக்குகளின் படம்.

"பாருங்க மாமா. இந்தப் பதினொண்ணுக்கும் தொப்பி மாதிரி மூடி போடுறோம். வெளிச்சம் கீழ மட்டும்தான் விழும். வெள்ளை இல்ல, மஞ்சள். பதினோரு மணிக்கு மேல பாதியாக் குறைஞ்சிரும், வண்டி வந்தா மட்டும் ஏறும். ஆபீஸ் ஆபீஸா மூணு வாரம் அலைஞ்சு கையெழுத்து வாங்கிட்டேன்."

குட்டி திருகை முடுக்குவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்ல வடிவமைப்பு. நான் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே நல்ல வடிவமைப்பு. நானே உட்கார்ந்து போட்டிருந்தாலும் அதைவிட நன்றாகப் போட்டிருக்க முடியாது. "நல்லாருக்கு மாப்பிள்ளை" என்றேன். அவருடைய போன் அப்போது தொலைநோக்கிப் பெட்டியின் மேல், என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான்கு தட்டு தட்டினால் மென்பொருள் போய்விடும். அந்த எண்ணம் எனக்கு வந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கைகூட நீட்டினேன். அப்போது அவர் என் தோளில் தட்டினார்.

"இனிமே கவலைய விடுங்க மாமா. உங்களுக்கு வேணுங்கிற இருட்டு, நான் குடுக்கிறேன்."

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். குட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்பது வருடம், மேடம். ஒரு அம்புக்குறி, ஒரு பெட்டி, ஒரு பொட்டு வெளிச்சம் விடாமல் பிடித்துப் பிடித்து நான் உண்டாக்கிய இருட்டு. அதைப் பிடுங்கியவர், மூடி போட்டு, மஞ்சளாக்கி, பாதி குறைத்து, எனக்கே பிச்சை போடுகிறார். நான் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் ஆயுசு முழுக்க, ஒவ்வொரு தடவை மேலே பார்க்கும்போதும், நன்றி சொல்ல வேண்டும்.

கையை எடுத்துக்கொண்டேன்.

இருட்டி ஒரு மணி நேரம் ஆனது. குட்டிக்கு ரொம்ப நாளாக ஓர் ஆசை. மிக மங்கலான விண்மீன் மண்டலம் ஒன்று, எங்கள் தொலைநோக்கியின் கடைசி எல்லை. ஆறு வருடமாக முயற்சி செய்கிறாள், ஒருதடவைகூடத் தென்பட்டதில்லை. அன்று வானம் அருமையாக இருந்தது. அவள் தலையில் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு கண்ணை வைத்துவிட்டாள். அப்போது தொலைநோக்கியின் மோட்டாருக்குப் பேட்டரி இறங்குகிறது என்று நான் சொன்னேன். இறங்கிக்கொண்டுதான் இருந்தது. மாற்று பேட்டரி காரில் இருந்தது. அதை அங்கே விட்டு வந்தவன் நான்தான்.

"நான் போறேன் சித்தப்பா" என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நீ எழுந்திரிக்காத. கண்ணு மறுபடி பழக முக்கா மணி ஆகும்."

"அப்ப நான் போறேன்" என்றார் மாப்பிள்ளை. உற்சாகமாகச் சொன்னார். ஏதாவது ஒரு விதத்தில் உதவ வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தார், பாவம். குட்டியின் போனை எடுத்துக்கொண்டு போயிருந்தால் கறுப்புக் கோடு தெரிந்திருக்கும். அவர் தன்னுடையதை எடுத்துக்கொண்டார்.

கொஞ்ச தூரம் போய் நின்றார். அவர் கையில் இருந்த திரையின் சிவப்பு மட்டும் தெரிந்தது. முகம் தெரியவில்லை.

"மாமா, சுத்திப் போகணுமா, நேராவே போயிரலாமா?"

"மேப்ல பாருங்க மாப்பிள்ளை. அதுல என்ன இருக்கோ அதுப்படி போங்க" என்றேன்.

அவர் பார்த்தார். அந்தச் சிவப்பு கொஞ்சம் மேலே உயர்ந்தது, பிறகு இறங்கியது. வரைபடத்தில் அவர் நிற்கிற புள்ளி, கொட்டகை, இரண்டுக்கும் நடுவில் வெறும் மைதானம். நேராக நடந்தார்.

சங்கத்தில் அவசரத்துக்கு என்று ஒரே ஒரு வெள்ளை டார்ச் உண்டு. எப்போதும் என் சட்டைப்பையில்தான் இருக்கும். அன்றும் இருந்தது. அந்தச் சிவப்புப் பொட்டு போய்க்கொண்டிருந்த நேரம், எண்ணிப் பார்த்தால் ஒரு நிமிடத்துக்குக் குறையாது. டார்ச்சின் பட்டன் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டிருந்தேன். ஏன் அழுத்தவில்லை என்று கேட்பீர்கள். அழுத்தியிருந்தால் துணியைத் தாண்டியும் குட்டியின் கண் போயிருக்கும். ஆறு வருட முயற்சி. நடுவில் ஒரு தடவை அவர் டார்ச் போடப் பார்த்திருக்க வேண்டும். சிவப்பு நின்றது, ஆடியது. எரியவில்லை. மூன்று தடவை அழுத்த வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பிறகு அது மறைந்தது. ஒரு சத்தம். அதற்கப்புறம் சிறு கற்கள் உருளும் சத்தம்.

"என்ன சத்தம் சித்தப்பா?"

"குவாரிப் பக்கம் கல்லு சரியுது. நீ பாரு."

அவள் பார்த்தாள். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் டாக்டர் எழுதியிருப்பதை நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். விழுந்தவுடனே இறக்கவில்லை, கொஞ்ச நேரம் உயிர் இருந்திருக்கும், உடனே தூக்கியிருந்தால் வாய்ப்பு இருந்தது என்று. கொஞ்ச நேரம் என்று பொதுவாக எழுதியிருக்கிறார். நான் துல்லியமாகச் சொல்கிறேன். குட்டி துணியை விலக்கிக்கொண்டு எழுந்தது பதினோரு நிமிடம் கழித்து. நான் குறித்து வைத்திருந்தேன். எந்தப் பார்வையாக இருந்தாலும் நேரம் குறிப்பது என் பழக்கம்.

"சித்தப்பா, பாத்துட்டேன். கிடைச்சிருச்சு. ஓரமா, புகை மாதிரி, அவ்ளோதான், ஆனா இருக்கு." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர எங்க காணோம்? அவருக்கும் காட்டணும்."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவள் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடியது, நான் பின்னால் டார்ச்சோடு போனது, ஆம்புலன்ஸ், அண்ணி. அந்த டார்ச்சை அப்போது போட்டேன். தேவைப்படும்போது நான் போடாமல் இருக்கிறவன் இல்லை.

இப்போது அந்தத் திருத்தம். பழைய பதிப்பு என்று சொன்னது சரியில்லை. சிவப்புக் கோடு மறைவது இரண்டாம் பதிப்போடு போயிற்று. மூன்றாவதிலிருந்து கறுப்புக் கோடு. டார்ச் பூட்டு வந்தது நான்காவதில். கோடு தெரியாமல், டார்ச்சும் எரியாமல் இருக்கிற பதிப்பு என்று ஒன்று இதுவரை வந்ததே இல்லை. தவறுதலாக அதை யாரும் போட முடியாது, ஏனென்றால் இல்லாததைத் தவறுதலாகப் போட முடியாது. யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டும். நான் செய்தேன். ஒரே ஒரு போனுக்காக, மூன்று சாயங்காலம். கோட்டைப் பழையபடி சிவப்பாக்கினேன். அவசரப் பட்டனை எடுக்கவில்லை, அதை நீங்கள் எனக்குச் சாதகமாக எழுதலாம். சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான். சோதித்தும் பார்த்தேன். சோதிக்காமல் நான் எதையும் யாருக்கும் கொடுத்ததில்லை.

அவர் சாக வேண்டும் என்றுதான் செய்தேன். தவறுதலாக என்ற சொல்லை அடித்துவிடுங்கள்.

இதை உங்கள் ஆட்கள் கண்டுபிடிக்கவில்லை. குட்டிதான் கண்டுபிடித்தாள். காரியம் எல்லாம் முடிந்து ஐந்தாம் நாள், கணவனின் போனையும் தன் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அவள் எழுதிய புகாரை எனக்குப் படிக்கக் கொடுத்தீர்கள், நன்றி. என்ன அழகாக எழுதியிருக்கிறாள். எந்த போன், எந்தப் பதிப்பு, என்ன செய்தால் என்ன தெரிகிறது, என்ன தெரிந்திருக்க வேண்டும். இரண்டு திரையின் படம். ஓர் எழுத்துப்பிழை கிடையாது. மனதில் ஆத்திரத்தை வைத்துக்கொண்டு இப்படி எழுத முடியாது, மேடம். அதனால்தான் சொல்கிறேன், அவளுக்கு என் மேல் கோபம் இல்லை. சித்தப்பா என்ற சொல் அதில் ஓர் இடத்தில்கூட இல்லை. 'மென்பொருளை எழுதிய நபர்' என்றுதான் இருக்கிறது. அதுவும் சரிதான். பிழையைப் பற்றி எழுதும்போது உறவுமுறை எழுதுவதில்லை.

நேற்று கையெழுத்துப் போட வந்திருந்தாள். என்னை வராந்தாவில் உட்காரவைத்திருந்தீர்கள். நேராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள், பக்கத்தில் வந்தாள், கடந்து போய்விட்டாள். குட்டி என்று கூப்பிட்டேன், திரும்பவில்லை. அந்த வராந்தாவில் வெளிச்சம் ரொம்ப அதிகம். அவளுக்குக் கண் கூசியிருக்கும். நான்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்திருக்காது.